பிடித்துவிட்ட மீன்

பியர்பொன்ட்ஸ்
14 மே 2006

திரு. தியாகராசா அவர்களுக்கு,

முதலில் ஒரு திருத்தம். நான் ஆற்றில் விழப் போனேன் என்று எங்கள் பழைய அயலான செயின்ட்-மிஷேல் முழுவதும் பேசுகிறார்கள். உங்களுக்கும் அது எட்டியிருக்கும். உங்கள் முகவரியைக் கேட்டபோது அங்குள்ள இந்திராதேவியின் குரல் தாழ்ந்த விதத்திலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது. நான் விழப் போகவில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல.

நடந்தது இதுதான். மகன் றெஜியின் வீட்டுத் தெரு முடியுமிடத்தில் ஆறு ஓடுகிறது. காலையில் அதுவரை நடப்பது என் வழக்கம். சென்ற வாரம் கரையோரப் புல்லுக்குள், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு மரக்கட்டை கிடந்தது. அந்தக் கட்டைக்குக் கண் இருந்தது. நன்றாகப் பார்ப்பதற்காக ஒரு கல்லின்மேல் ஏறிக் குனிந்தேன். அவ்வழியே ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் என் கோட்டைப் பின்னாலிருந்து பற்றி இழுத்து, பிரெஞ்சில் எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினாள். கட்டை வாலை ஒருமுறை அசைத்தது, மறைந்தது. அந்தப் பெண் என்னை வீடுவரை கொண்டுவந்து மருமகளிடம் ஒப்படைத்தாள். மிகுதியை மருமகளும் தொலைபேசியும் பார்த்துக்கொண்டன.

அந்த மீன் எங்கள் சாப்பாட்டு மேசையின் அகலத்தைவிட நீளமானது. நூலகத்தில் படம் பார்த்து உறுதிசெய்தேன். மஸ்கினோஞ்சே. என் கணவர் சொன்ன அதே பெயர்.

இனி, எழுதும் காரணம். மரியதாசன் சனிக்கிழமைகளில் உங்களோடு இந்த மீனைப் பிடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு போனார். பல ஆண்டுகள் போனார். ஒரு செதில்கூட என் சமையலறைக்கு வரவில்லை. மீன் மணக்கும் என்று நான் தூண்டில்களை வீட்டில் வைக்க விடவில்லை. அவை உங்கள் கராஜில் இருப்பதாகச் சொன்னார். அவற்றையும் நான் கண்டதில்லை. அவர் போன இடம் ஏரிதான் என்பதற்கு அவருடைய சொல்லும் உங்களுடைய சொல்லும் மட்டுமே என்னிடம் இருக்கின்றன. வேறு இடங்களைப் பற்றிச் சாடைமாடையாகச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் அவர்களை நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருப்பது ஒன்று, தெரிந்திருப்பது வேறொன்று. எனக்குத் தெரிய வேண்டும்.

அவர் இறந்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் நீங்கள் சொன்னதற்கு நான் எல்லார் முன்னிலையிலும் மறுமொழி சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஒரு விடயம் கேட்க எழுதுகிறேன்.

இந்த மீனைப் பிடிக்கத் தொடங்குகிற ஒருவர் முதலில் என்னென்ன வாங்க வேண்டும்? வாங்கி, நானே கரையில் நின்று பார்க்கப் போகிறேன். ஒரு மனிதன் இத்தனை சனிக்கிழமை போயும் வெறுங்கையோடு வரக்கூடிய மீனா இது என்று அறிய எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தொலைபேசி வேண்டாம். நீங்கள் சிரித்தால் எனக்குக் கேட்கும்.

இங்ஙனம்,
செலீன் மரியதாசன்

*

கோர்ண்வால்
28 மே 2006

மதிப்புக்குரிய செலீன் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையில் கையெழுத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போயினமாக்கும் என்று பயந்துவிட்டேன். மகள்தான் பிரித்துத் தந்தாள்.

இந்திராதேவி எனக்குப் போன் எடுத்துச் சொன்னது உண்மை. "செலீன் அக்கா ஆத்துக்குள்ள மரியதாசன் அண்ணையோட கதைக்கிறாவாம்" என்று சொன்னா. நான் நம்பவில்லை. நீங்கள் அண்ணையோடு கதைப்பதென்றால் வீட்டுக்குள் கூப்பிட்டு வைத்துத்தான் கதைப்பீர்கள்.

அக்கா, என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று யோசித்தேன். அன்றைக்கு உங்கள் வீட்டில் அவ்வளவு சனத்துக்கு முன்னால், அண்ணை என்னுடைய நெஞ்சு உயர மீனொன்றைப் பிடிச்சுவிட்டவர் என்று சொன்னேன். ஆளை நினைத்து எல்லாரும் அழுதுகொண்டிருக்கிறார்களே, ஒரு நல்ல கதை சொல்லுவோம் என்று சொன்னது. நீங்கள் எழும்பி நின்று, "அப்படி ஒரு மீன் என்ர குசினிக்குள்ள வரயில்லை. இந்த வீட்டில பொய் கதைக்க வேண்டாம்" என்றீர்கள். கோப்பையை வைத்துவிட்டு வந்தவன்தான். இப்போது கோர்ண்வாலுக்கும் வந்துவிட்டேன். பொய்யனிடம் தூண்டில் விபரம் கேட்கலாமோ?

ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். அண்ணைக்காகச் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் தடியைத்தான் வாங்குவார்கள். அது பிழை. முதலில் மூன்று சாமான். நீளமான மூக்குள்ள குறடு ஒன்று. கம்பி வெட்டும் பெரிய குறடு ஒன்று. ரப்பர் பூசிய, ஒரு சின்னப் பிள்ளை இருக்கக்கூடிய அத்தாங்கு வலை ஒன்று. இந்த மீனைப் பொறுத்தமட்டில் பிடித்துவிட வேண்டும், அதுதான் முதல் விதி. அதற்கு இந்த மூன்றும் இல்லாமல் தண்ணிப்பக்கம் போகவே கூடாது.

பேந்துதான் தடி. ஆட்கள் எட்டரை, ஒன்பது அடியில் வாங்குவார்கள். உங்களுக்கு ஏழரை அடி போதும், ஆனால் பாரமான சாமானை வீசக்கூடிய தடியாக இருக்க வேண்டும். றீல், மேலே வைத்துப் பூட்டுகிற உருளை றீல். ஒற்றை நைலோன் தங்கூசி வேண்டாம், எண்பது இறாத்தல் தாங்குகிற பின்னல் நூல். நூலின் நுனியில் ஒரு முழம் கம்பி. அந்த மீனின் பல்லுக்கு நூல் ஒரு பொருட்டல்ல. கடைசியாகத்தான் பொய்மீன். கடைக்காரர் ஒரு சுவர் நிறைய மாட்டி வைத்திருப்பார். இரண்டே இரண்டு வாங்குங்கள்: மான்வால் மயிரும் சுழலும் தகடும் உள்ள ஒன்று, மரத்தில் செய்த மீன் ஒன்று.

ஜூன் நடுவில்தான் இந்த மீனுக்குக் காலம் திறக்கும். அதற்கு முன் வீசினால் தண்டப்பணம். அனுமதிச் சீட்டும் எடுக்க வேண்டும்.

ஒன்று சொல்லட்டோ? எழுபது தாண்டிய ஆளுக்கு இது நல்ல விளையாட்டில்லை. தோள்மூட்டு போய்விடும். மற்றது உங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
தியாகராசா

*

பியர்பொன்ட்ஸ்
11 ஜூன் 2006

தியாகராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் தெளிவாக இருந்தது. எழுத்துப்பிழைகள் ஆறு. அவற்றைப் பற்றி இப்போது எழுதவில்லை.

கடைக்குப் போனேன். றெஜி கொண்டுபோய் விட்டான். என்ன வாங்கப் போகிறேன் என்று கேட்டான், குறடு என்றேன். குறட்டுக்கு அம்மாவோடு வருவானேன் என்று காருக்குள் இருந்துவிட்டான். அதுவும் நல்லது.

என் பள்ளிக்கூடத்தில் வயதான பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி ஒருவர் எங்களுக்குச் செபங்களைப் பிரெஞ்சில் கற்பித்தார். அந்தப் பிரெஞ்சில் தூண்டில் வாங்குவது கடினம். ஆனால் மரியாதையாகக் கேட்கலாம். கடையில் நின்ற பெண்ணின் முழங்கை வரை பச்சை குத்தியிருந்தது. உங்கள் கணவருக்கா என்று கேட்டாள். ஒரு வகையில் ஆம் என்றேன். பிறகு எனக்குத்தான் என்று அறிந்ததும், மெல்லிய தடியொன்றை எடுத்து வந்தாள். பிடி நாவல் நிறம். அது சிறிய மீனுக்கு, நதியோரத்தில் பிள்ளைகள் விளையாட. நான் அதைத் திருப்பிக் கொடுத்து, மஸ்கினோஞ்சே என்றேன். அவள் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு உள்ளே போய் வேறு தடிகளைக் கொண்டுவந்தாள்.

ஒவ்வொன்றையும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு செபமாலையில் ஒரு பத்துச் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதடித் தடி மூன்றாம் அருள்நிறைந்த மரியேயிலேயே தாழ்ந்துவிட்டது. எட்டடி, ஏழாவதில். நீங்கள் சொன்ன ஏழரை அடிதான் பத்தும் முடிந்து சொல்லும் திரித்துவத் தோத்திரம் வரை நின்றது. எனவே அதைத் தேர்ந்தேன். மற்றவர்கள் தடியை எப்படித் தேர்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இதைவிட நல்ல வழி இருந்தால் எழுதவும்.

றீல் எடுத்தேன். நூல் எடுத்தேன், பச்சை. கம்பி எடுத்தேன். பொய்மீன் ஒன்றுதான் வாங்கினேன்: மான்வால் மயிர் உள்ளது. மரமீன்களில் ஒன்றுக்கும் கண் சரியான இடத்தில் இல்லை. நான் கண்ட மீனே அதைக் கண்டு சிரித்திருக்கும்.

குறடு இரண்டும் அத்தாங்கும் வாங்கினேன். ஆனால் அவை ஏன் முதலில் என்பது எனக்கு விளங்கவில்லை. பிடித்துவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடித்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். பிடிக்காமல் விட யார் இவ்வளவு செலவழிப்பார்கள்? ஆனால் பிடிப்பது தடியும் நூலும் அல்லவா? கம்பி வெட்டும் குறடு எதற்கு? மீனைத் துண்டாடவா? அப்படியானால் எனக்குக் கத்தி போதும். எனக்குக் கொடுவா மீன் வெட்டிப் பழக்கம் உண்டு.

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டை முழுவதும் ஒழித்து வைத்திருக்கிறேன். மருமகளுக்கு அதில் விருப்பமில்லை. மஸ்கினோஞ்சேயில் முள் அதிகமா? சொதிக்கா, குழம்புக்கா நல்லது? பாதியை வெட்டி இந்திராதேவிக்கு அனுப்புவதாக இருக்கிறேன். வேண்டிய அளவு பேசட்டும்.

இன்னுமொன்று. நீங்கள் எழுதியது சரியானால், அவரிடமும் இதே குறடும் வலையும் தடியும் இருந்திருக்க வேண்டும். அப்படி எல்லாம் இருந்தும் ஏன் ஒன்றும் வரவில்லை? சனிக்கிழமை மாலை அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "மீன் எங்கை?" அவர் சிரித்துக்கொண்டு கை கழுவப் போவார். அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செலீன் மரியதாசன்

*

கோர்ண்வால்
20 ஜூன் 2006

செலீன் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் செபமாலை இடத்தில் சிரித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டி இடத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா, நான் எழுதியது பிடித்துவிட வேண்டும் அல்ல. பிடித்து, விட வேண்டும். பிடிக்க வேண்டும், பேந்து திரும்பத் தண்ணிக்குள் விட வேண்டும்.

இங்கே இந்த மீனைப் பிடிக்கிறவர்கள் ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஏரியில் இது குறைவு. அந்த அளவுக்கு வளர ஒரு மனிதப் பிள்ளை வளர்கிற காலம் எடுக்கும். பிடித்து, வலையோடு தண்ணிக்குள்ளேயே வைத்து, குறட்டால் தூண்டில் முள்ளைக் கழற்றி, கழலாவிட்டால் முள்ளையே வெட்டி, மீன் தானாக நீந்தும்வரை வாலில் பிடித்துக்கொண்டு நின்று விடுவார்கள். குறடும் வலையும் முதலில் என்று அதற்குத்தான் சொன்னேன். மீனைக் காப்பாற்றுகிற சாமான் அவை. அவை இல்லாதவனுக்கு அதைப் பிடிக்க உரிமை இல்லை.

இதை எழுதிவிட்டு வெளியில் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தேன். ஏனென்றால் அன்றைக்கு உங்கள் வீட்டில் நான் வாயால் சொன்னதும் இதே சொல்லுத்தான். பிடிச்சு, விட்டவர். அண்ணை மீனைப் பிடிச்சார், விட்டார். உங்களுக்குக் கேட்டது பிடிச்சுவிட்டவர்.

அந்த நாளைச் சொல்கிறேன். அண்ணை போவதற்கு முந்தின வருடம், ஒக்ரோபர், லாக் சென்-லூயி ஏரி. குளிர், மழைத் தூறல். என்னுடைய அலுமினிய வள்ளம். மத்தியானம் ஆகிவிட்டது, போவோம் என்று நான் சொல்லச் சொல்ல, "இன்னும் ஒண்டு" என்று மரமீனை வீசினார். வள்ளத்தடியில் வந்து கடித்தது. நான் வலை பிடித்தேன். வலைக்குள் அது திரும்பவே இடமில்லை. ஒரு முள் அதன் தாடைக்குள் ஆழமாய்ப் போய்விட்டது. அண்ணைதான் முள்ளை வெட்டினார். கையைத் தண்ணிக்குள் விட்டு வாலைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தார் என்று தெரியாது. கை நீலமாகிவிட்டது. பேந்து அது ஒரு உதறு உதறிப் போய்விட்டது. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டில போய்ச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

"செலீனிட்ட மீனை விட்டிட்டு வந்தனான் எண்டு சொன்னால், அவ என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார்.

அதுதான் அக்கா அந்தச் சிரிப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதோடு ஒரு பெட்டி அனுப்புகிறேன். அண்ணையின் தடி உங்களுக்குப் பாரம். அது இங்கேயே இருக்கட்டும், எப்போது கேட்டாலும் தருவேன். பெட்டிக்குள் இருப்பது அன்றைக்கு வீசிய மரமீன். இரண்டு பக்கமும் பல் பட்ட தழும்பு இருக்கும். பின்னால் உள்ள மூன்று கூர் முள்ளில் ஒரு கூர் இருக்காது.

தியாகராசா

*

பியர்பொன்ட்ஸ்
2 ஜூலை 2006

தியாகராசாவுக்கு,

பெட்டி வந்தது.

குற்றம் சொற்களின் இடைவெளியில்தான். சேர்த்து எழுதினால் ஒரு பொருள், பிரித்து எழுதினால் வேறு பொருள் என்பதை எங்களுக்கு ஆறாம் வகுப்பில் கற்பித்தார்கள். உங்கள் பள்ளிக்கூடத்திலும் கற்பித்திருப்பார்கள். நீங்கள் கடிதத்தில் சேர்த்து எழுதியதற்கு மன்னிப்பில்லை.

வாயால் சொன்னதற்கு மட்டும் ஒன்று சொல்வேன். வாயில் இடைவெளி கேட்காது. அதோடு, அன்று அந்த அறையில் இருந்த எவருக்கும், இவ்வளவு பெரிய மீனைப் பிடித்த ஒருவன் அதைத் திரும்பத் தண்ணீரில் போடுவான் என்ற எண்ணமே வந்திராது. காது அறியாததை எப்படிக் கேட்கும்? நாங்கள் கடலோரத்து ஆட்கள்.

மரமீனைப் பெருப்பித்துக் காட்டும் கண்ணாடியால் பார்த்தேன். தழும்புகள் உண்டு. ஒரு பக்கத்தில் நிறைய, மறுபக்கத்தில் ஆழமாக. பின்முள்ளில் ஒரு கூர் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டிய இடம் துருவேறியிருக்கிறது. பெரிய வாயுள்ள மீனொன்று இதைக் கடித்தது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தூண்டிலைப் பிடித்திருந்தவர் என் கணவர் என்பதற்கு மரம் சாட்சி சொல்லாது. இன்னும் உங்களுடைய சொல்லுத்தான். அது முன்னையதைவிடப் பெறுமதியான சொல் என்பதை மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் எழுதிய அந்த ஒரு வசனம் அவருடையதுதான். அப்படி என்னைப் பற்றி வேறு எவரும் சொல்லத் துணியார்.

இந்த மரமீனுக்குக் கண் சரியான இடத்தில் இருக்கிறது.

இனி ஒரு தொழில் சந்தேகம். வீசும்போது உருளையில் நூல் சிக்கிக் குருவிக்கூடு மாதிரி ஆகிவிடுகிறது. இன்று மூன்று முறை. ஒரு முறை நூலை வெட்ட வேண்டியிருந்தது. பெரிய குறடு அதற்காவது பயன்பட்டது. எங்கே பிழை? கரைக்குப் போவதென்றால் உயிர்காப்புச் சட்டை அணிய வேண்டும் என்பது றெஜியின் நிபந்தனை. செம்மஞ்சள் நிறம். தூரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரிகிறேன்.

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மருமகள் பட்டாணி வைத்துவிட்டாள்.

செலீன் மரியதாசன்

*

கோர்ண்வால்
6 ஓகஸ்ட் 2006

செலீன் அக்காவுக்கு,

பெருவிரலை உருளையில் மெல்லமாய் வைத்திருக்க வேண்டும். பொய்மீன் தண்ணியில் விழுகிற அந்த நொடியில் அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் குருவிக்கூடுதான். அண்ணைக்கு முதல் வருடம் முழுக்கக் குருவிக்கூடு. வள்ளத்தில் இருந்து சிக்கெடுத்துக்கொண்டே என்னோடு அரசியல் கதைப்பார். மீன் பிடித்த நேரத்தைவிடச் சிக்கெடுத்த நேரம் கூட.

சாட்சி கேட்கிறீர்கள். அன்றைக்குக் கமரா கொண்டுபோகவில்லை. மழை. வேறு ஆட்களும் இல்லை. நான்தான் இருக்கிறேன், அக்கா. நம்புங்கள் என்று கேட்டு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆகையால் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லித் தருகிறேன், அது உங்களுக்கு உதவும். இந்த மீன் கடிப்பதைவிடப் பின்னால் வருவதுதான் கூட. பொய்மீனுக்குப் பின்னால் உங்கள் காலடி வரைக்கும் வரும். சத்தமில்லாமல் வரும். அவசரப்பட்டுப் பொய்மீனைத் தூக்கிவிடாதீர்கள். தடி நுனியைத் தண்ணிக்குள் விட்டு எட்டு ஒன்று போடுங்கள். பெரிய எட்டு. ஒவ்வொரு முறை வீசி முடிக்கும்போதும் போட வேண்டும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். அலுப்பான வேலை. அண்ணை ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. அந்த மீன் கடித்ததும் எட்டில்தான்.

இலையுதிர்காலம் வரட்டும். தண்ணி குளிர்ந்தால் கரைக்கு வரும்.

கல்லில் ஏறாதீர்கள்.

தியாகராசா

*

பியர்பொன்ட்ஸ்
8 ஒக்ரோபர் 2006

தம்பி தியாகராசாவுக்கு,

எட்டுப் போடுங்கள் என்று எழுதினீர்கள். எந்த எட்டு என்று எழுதவில்லை. தமிழ் எண்ணில் எட்டு, அகரத்தைப் போன்றது, அது மூடிக்கொள்ளாது. ஒரு வாரம் அதைப் போட்டுப் பார்த்தேன். தடி புல்லில் சிக்கியது. பிறகு கணக்குப் புத்தகத்து எட்டுக்கு மாறினேன். அது சரி.

கோடை முழுவதும் போனேன். ஓகஸ்டில் ஒரு நெத்தலி அளவு மீன்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் நொந்தது, அது உங்கள் தப்பல்ல, நீங்கள் சொல்லித்தான் இருந்தீர்கள். ஓட்டப்பயிற்சிப் பெண் இப்போது என்னைக் கண்டால் நின்று போன்ஜூர் சொல்லுவாள். ஏதாவது பிடிபட்டதா என்று கேட்பாள். இல்லை என்பேன். அவளுக்கு அது போதும்.

நேற்றுக் காலை புல் பழுத்துப் படிந்திருந்தது. தண்ணீர் தேயிலைச் சாயம்போல, ஆனால் அடி தெரியும். நான் அவருடைய மரமீனைக் கட்டினேன். அதுவரை அதை வீசியதில்லை. தொலைந்துவிடும் என்று பயம். நேற்றுக் கட்டினேன். ஏன் என்று கேட்க வேண்டாம்.

நாலாவதோ ஐந்தாவதோ வீச்சு. மரமீன் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஆற்றின் அடி நகர்ந்து வருவதுபோல் இருந்தது. பிறகு அது அடியல்ல என்று கண்டேன். மரமீனுக்கும் அதற்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. அவசரப்படவில்லை, அதுவும் நானும். என் காலடியில் வந்து நின்றது. நான் தடி நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி எட்டுப் போட்டேன். அது கூடவே திரும்பியது. முழு உடம்பும் வளைந்து திரும்பியது, தம்பி. ஒரு வளைவு முடிந்தது, அடுத்த வளைவின் பாதியில் நின்றுவிட்டது. என்னைப் பார்த்தது. மரமீனை அல்ல, என்னை. அதன் முகத்தில் ஒரு கேள்வியும் இல்லை. பிறகு வாலைக்கூட அசைக்காமல் பின்னோக்கி இருட்டுக்குள் இறங்கிவிட்டது.

கல்லில் ஏறவில்லை. ஏறத் தோன்றியது, ஏறவில்லை.

வீட்டுக்கு வந்தேன். செம்மஞ்சள் சட்டையைக் கழற்றவும் இல்லை. சமையலறை வாசலில் நின்று றெஜியிடமும் மருமகளிடமும் சொன்னேன். அது வந்தது, இவ்வளவு நீளம், என் காலடிவரை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது என்றேன். மருமகள் றெஜியைப் பார்த்தாள். அவன் கோப்பியைக் கீழே வைத்தான். சிறுபிள்ளையோடு பேசுவதுபோல மெதுவாகக் கேட்டான்:

"அப்ப மீன் எங்கை, அம்மா?"

நான் கை கழுவப் போனேன். குழாயைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே மருமகள் தொலைபேசியை எடுப்பது கேட்டது. இந்திராதேவி இதற்குள் உங்களுக்கும் சொல்லியிருப்பார்.

அவர் ஏரிக்குத்தான் போனார். இனி இதில் எனக்குச் சாட்சி வேண்டாம்.

மற்றவர்களுக்கு வேண்டும். நவம்பர் பதினெட்டு, சனிக்கிழமை, அவருடைய மூன்றாம் ஆண்டுத் திருப்பலி. பிறகு றெஜியின் வீட்டில் சாப்பாடு. அந்த முப்பத்தோராம் நாளன்று செயின்ட்-மிஷேல் வீட்டில் இருந்தவர்கள் அனைவரையும் அழைத்திருக்கிறேன், ஒருவர்கூட விடுபடாமல். சாப்பாட்டுக்கு முன் நான் எழுந்து நின்று, அவர் பிடித்த மீனைப் பற்றி வாசிக்கப் போகிறேன். அதைச் சொல்ல வேண்டியவர் நான் அல்ல, அதைக் கண்டவர் நீங்கள். ஆகையால் நீங்கள் எழுதியதைத்தான் வாசிப்பேன். நீங்கள் அந்த அறையில் இருக்கும்போது வாசிப்பேன். அவருடைய தடியையும் கொண்டுவரவும். வாசலில் வைக்க வேண்டாம், உள்ளே கொண்டுவரவும். மணந்தால் மணக்கட்டும்.

சாப்பிட்டுவிட்டுப் போகவும். இந்தச் சொல்லைச் சேர்த்தே எழுதியிருக்கிறேன் என்பதைக் கவனிக்கவும்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த ஒக்ரோபர் நாளை முழுவதும் எழுதுங்கள்: ஏரி, மழை, வள்ளம், வெட்டிய முள், நீலமான கை, என்னைப் பற்றி அவர் சொன்ன வசனம் உட்பட. ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். பிடித்து என்பதற்கும் விட்டார் என்பதற்கும் நடுவே ஒரு காற்புள்ளி இடுங்கள். வெறும் இடைவெளியை இனி நான் நம்புவதாக இல்லை. தொலைபேசியில் சொல்ல வேண்டாம். பதிலைக் கடிதமாக எழுதி அனுப்பவும்.

அன்புடன்,
செலீன் அக்கா